கவிழ்த்து வைத்த டம்ளர்

அன்றைக்கு ஆண்கள் வார்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். முதல் கட்டிலில் அகரத்திலிருந்து வந்த விவசாயி, காலில் சர்க்கரைப் புண். கீழே பாயில் அவர் மனைவி. இரண்டாவதில் வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிறவர், காய்ச்சல். துணைக்கு ஆள் இல்லை. மூன்றாவதில் ஓய்வு பெற்ற வாத்தியார், நெஞ்சில் சளி, தலையணைக்கு அடியில் ஜெபமாலை, துணைக்கு மருமகன். நான்காவதில் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் டீ மாஸ்டர். துணைக்கு அவர் மனைவி. ஐந்தாவதில் பழனியில் லாட்ஜ் நடத்துகிறவர், பித்தப்பையில் கல், துணைக்குத் தம்பி. ஆறாவது கட்டில் காலி. இவர்கள் போக இரவு சிஸ்டர் ஒருவர், நான் ஒருத்தி.

இப்படி ஆள் எண்ணாமல் நான் எந்த ராத்திரி வேலையையும் தொடங்கியதில்லை. திண்டுக்கல்லில், பஸ் ஸ்டாண்டு ஹாரன் கேட்கிற தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வார்டு ஆயா. இரவு எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டுக்குத்தான் வெளியே. எட்டாவதோடு படிப்பை விட்டவள். அதற்கப்புறம் மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடும் வேலை, கல்யாணம், ஒரு மகள், பிறகு இந்த ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் விடாமல் கூட வந்தது கவலை ஒன்றுதான்.

கவலை என்றால் லேசுப்பட்ட கவலை இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது மகளை உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்லுவேன். போட்ட சத்தம் காதில் விழும். ஆனாலும் வெளியே நின்று கதவைத் தள்ளிப் பார்ப்பேன். நாலு வீடு தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை தள்ளுவேன்.

உள்ளேயிருந்து மகள் கத்துவாள். "யம்மா, திருடன்கூட இம்புட்டுத் தள்ள மாட்டாம்மா. தாப்பா பேந்துட்டா நீதான் காவலுக்கு இருக்கணும், போ!"

இப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்ப்பதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு வாரம் தாங்க மாட்டாள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் போகப் போக ஒன்று பிடிபட்டது. கவலையை விரட்ட முடியாது. அதற்கு ஒரு நேரமும் இடமும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் அது தன்பாட்டுக்கு இருக்கும். வீட்டுக் கவலைக்குப் பதினோரு மணி வரைக்கும் அனுமதி. கேஸை மூடினேனா, மகள் சாப்பிட்டாளா, நாளைக்காவது குழாயில் தண்ணீர் வருமா, வந்தால் குடம் பற்றுமா, எல்லாவற்றையும் அதற்குள் நினைத்து முடித்துவிட வேண்டும். பதினொன்றுக்கு மேல் வார்டுக் கவலை மட்டும்தான்.

இது சிஸ்டருக்கும் தெரியும். என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சர்ச் கொயரில் பாடுகிறவர். ஊசி போடும்போதுகூட வாய்க்குள் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மணி ஆனதும் கடிகாரத்தைக் காட்டிச் சொல்லுவார். "அக்கா, பதினொண்ணு ஆச்சு. வீட்டைச் சாத்துங்க, கடையைத் தொறங்க."

வார்டுக் கவலைக்கு நான் வைத்திருந்த மருந்து அடையாளங்கள். ஃபைலில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு ஓடாது. சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக வாய்விட்டுச் சொல்லுவார். சொன்னதை நான் அந்தக் கட்டிலிலேயே ஒரு அடையாளமாக வைத்துவிடுவேன். டிரிப் பாட்டில் தீரப்போகிறது என்றால் திரைச்சீலையில் ஒரு துணி கிளிப். தனியாக நடக்கக் கூடாதவர் என்றால் அவருடைய செருப்பு கட்டிலின் அடியில், எட்டாத தூரத்தில். ராத்திரி விளக்கைப் போட்டு யாரையும் எழுப்பக் கூடாது. மங்கலான ஒரு பல்புதான் எரியும். அந்த வெளிச்சத்தில் கண்ணைவிடக் கைதான் வேலை செய்யும். கை தொட்டதும் தெரிகிற மாதிரி அடையாளம் இருந்தால் தூக்கக் கலக்கத்திலும் தப்பு வராது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த அடையாளங்களில் பெரியது டம்ளர். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு அலமாரி, அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். விடியற்காலை நாலு மணிக்கு சிஸ்டர் காய்ச்சலும் பிரஷரும் பார்க்க வருவார். அதற்குச் செத்த நேரம் முன்னால் நான் கீழே இறங்கிப் போய், கேட்டுக்கு வெளியே நிற்கும் டீ வண்டியில் பெரிய பிளாஸ்க் நிறைய டீ வாங்கி வந்து ஒவ்வொரு டம்ளராக ஊற்றுவேன். என் காசைக் கொடுத்து வாங்குவேன். விடிந்ததும் கட்டிலுக்கு ஒரு டீ என்று கணக்குப் பண்ணி வாங்கிக்கொள்வேன். டம்ளர் நிமிர்ந்திருந்தால் டீ. கவிழ்ந்திருந்தால் டீ கிடையாது, தண்ணீரும் கிடையாது. அவருக்குக் காலையில் ஆபரேஷன் என்று அர்த்தம். காலிக் கட்டிலின் டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துத்தான் வைப்பேன். துணைக்கு வருகிறவர்களிடம் முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுவேன். சிஸ்டர்மாரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபைலைப் பார்ப்பதற்கு முன்னால் டம்ளரைப் பார்க்கிறவர்கள்கூட உண்டு.

அன்றைக்குக் கவிழ்ந்த டம்ளர் மூன்று. டீ மாஸ்டருடையது, லாட்ஜ்காரருடையது, காலிக் கட்டிலுடையது.

டீ மாஸ்டர் எங்களுக்குப் புது ஆள் இல்லை. பால் கேன் தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. போன வாரமும் இதே கட்டிலில்தான் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். அன்றைக்கு எனக்கு லீவு. காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர், ஏதாவது சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணுமே சாப்பிடலைங்கய்யா. ஒரே ஒரு டீதான்" என்றாராம் இவர். அத்தோடு ஸ்ட்ரெச்சரைத் திருப்பிவிட்டார்கள். வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் மதுரையிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். போகும்போது கோபமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இன்னொரு தடவை இப்படி ஆனால் நான் தொட மாட்டேன், மதுரைக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நில்லுங்கள் என்று.

இந்த ஒரு வாரத்தில் வலி கூடியிருந்தது. குடல் எப்போது வேண்டுமானாலும் சிக்கிக்கொள்ளலாம், அப்புறம் நேரமே இருக்காது என்று சிஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஆக, அந்த மனிதர் விடியும்வரைக்கும் ஒரு டீ குடிக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

அவர் மனைவி கடையில் கல்லாவில் உட்காருகிறவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, போன வாரம் நான் செத்த நேரம்தான் கண்ணசந்தேன். அதுக்குள்ள கீழ எறங்கிப் போயி வண்டிக்காரன்ட்ட டீயைக் குடிச்சிட்டு வந்து, ஒண்ணுந்தெரியாத பிள்ளையாட்டம் போத்திப் படுத்துக்கிட்டாரு."

"சாப்பாடு கூடாதுன்னுதான சொன்னாக? டீ சாப்பாடா?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"பாத்தீகளா? இந்த வாய்க்கே ரெண்டு தையல் போடச் சொல்லணும் டாக்டர்ட்ட."

தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், அவர்கள் கொண்டுவந்த பிளாஸ்க், எல்லாவற்றையும் எடுத்து சிஸ்டர் அறையில் வைத்தேன். மனைவிக்கு மட்டும் வெளியே வராந்தாவில் டீ தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "அவரு குடிக்காம நான் என்னத்தைக் குடிக்க? எறங்காதுக்கா." அதைச் சொல்லும்போது புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

படுக்கும் நேரம் அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, தன் முந்தானையை மேலே தூக்கி அவர் மணிக்கட்டில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"கல்யாணத்துல போட்ட முடிச்சுக்குத்தான் நீரு அடங்கல. இதுக்காச்சும் அடங்கிக் கெடயும்."

"மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுறியே, எல்லாரும் பாக்காக."

"மாடு பால் குடுக்கும். நீரு அதைக் காலி பண்ணுற ஆளு. பேசாம தூங்கும்."

வாத்தியார் மூன்றாவது கட்டிலில் இருமிக்கொண்டே சிரித்தார்.

நடு ராத்திரிச் சுற்றில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். டீ மாஸ்டர் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"தாயி, நாலு மணிக்கு டீ ஊத்துவீகளாமே?"

"உங்களுக்கு இல்லண்ணே."

"எனக்கு வேணாம்மா. எந்தக் கடை டீன்னு கேட்டேன்."

"வாசல்ல நிக்கிற வண்டிதான்."

"அவனா? பாலுக்கு டீத்தூளைத் தூரத்துலருந்து காட்டிட்டு எடுத்துருவான்."

"போன வாரம் அவன்ட்டதான குடிச்சீக?"

"அதான் தெரியும்ங்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். மீசை முளைக்கும் முன்பே டீக்கடைக்கு வந்தவராம். பழனிக்குப் போகிற முதல் பஸ் ஹாரன் அடித்தால் அடுப்புப் பற்றியிருக்க வேண்டும். "என்னைய யாரும் எழுப்பினதே இல்ல தாயி. கண்ணு தொறக்கும் முன்ன கை எந்திரிச்சிரும்" என்றார். அப்படியே கண்ணை மூடினார். ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பயப்படுகிறவர்களை எனக்கு உடனே அடையாளம் தெரியும். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு வந்தேன்.

டீ வாங்கக் கீழே இறங்குவதற்கு முன்னால் அவர் கட்டிலைப் பார்த்தேன். குறட்டை. மணிக்கட்டில் முடிச்சு. டம்ளர் கவிழ்ந்திருந்தது. படிக்கட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன். குறட்டை, முடிச்சு, டம்ளர். சிஸ்டரைப் பெண்கள் வார்டில் ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதென்று கூப்பிட்டிருந்தார்கள். நான் வேகமாகப் போய்விட்டு வந்துவிடலாம் என்று இறங்கினேன்.

கீழே வண்டியில் கூட்டம். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுபோகிறவர்கள் நின்றிருந்தார்கள். பிளாஸ்க் நிறையும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. நான் அதை ஹாரனாகத்தான் கேட்டேன். பழனி வண்டி என்று தோன்றவே இல்லை.

மேலே வந்து வழக்கம்போல் முதல் கட்டிலிலிருந்து தொடங்கினேன். இடது கையால் டம்ளரின் வாயைத் தடவுவேன். திறந்திருந்தால் வலது கை ஊற்றும். விவசாயிக்கு ஊற்றினேன். மில்காரருக்கு ஊற்றினேன். வாத்தியாருக்கு. அடுத்தது வாய் திறந்திருந்தது, ஊற்றினேன். அதற்கடுத்ததும் திறந்திருந்தது, ஊற்றினேன். அதற்கடுத்த அலமாரியிலும் கை பட்டது. டம்ளர் நிமிர்ந்து நின்றது.

பிளாஸ்க்கைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றேன். ஆறாவது கட்டில் காலி. அந்த டம்ளரை நானேதான் கழுவிக் கவிழ்த்தேன். பேய் பிசாசு நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன நினைப்பது?

மூலையில் கை கழுவும் தொட்டிப் பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம். டீ மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொட்டியின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் பாதிதான் திறந்திருந்தது.

"அண்ணே, என்ன பண்றீக?"

"என்னம்மா நீங்க, எல்லாத்தையும் கவுத்தே வச்சிருந்தா ஏவாரம் எப்பிடி நடக்கும்? ஆளு வார நேரமாச்சு" என்றார் சாதாரணமாக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீக்கடையில் கழுவின கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்கள். கடை திறந்ததும் முதல் வேலை அதையெல்லாம் நிமிர்த்தி வரிசையாக அடுக்குவது. பஸ் ஹாரன் அடித்ததும் அவர் கை எழுந்துவிட்டது. எங்கெங்கே கவிழ்ந்த டம்ளர் இருந்ததோ அங்கெல்லாம் போய் நிமிர்த்திவிட்டு வந்திருக்கிறது. நான் ஆபரேஷன் என்று வைத்த அடையாளம் அவர் கைக்குக் கடை திறக்கும் அடையாளம்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்கம்மா, எனக்கு ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்களே. இது குடிக்கலாமுங்களா?"

லாட்ஜ்காரர் எழுந்து உட்கார்ந்து டீயைக் கையில் வைத்திருந்தார். ஆவி அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"வாய்ல வச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

"இல்லீங்க. கேட்டுப்போட்டுக் குடிக்கலாமுன்னுதான் இருந்தேனுங்க. நீங்க கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பழனிப் பக்கத்து மரியாதைக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். அவர் கேட்காமல் குடிக்கிற ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். டீ மாஸ்டர் தன் கட்டிலில் போய் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் டம்ளர்.

சத்தம் போட்டால் பதறிக் குடித்துவிடுவாரோ என்று ஒரு பயம். அவர் டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். இப்போது நன்றாக விழித்துவிட்டார் என்பது தெரிந்தது. கீழே பாயில் மனைவி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். முந்தானை இன்னும் கட்டில் கம்பிமேல் கிடந்தது, முடிச்சு அவிழாமல், கை மட்டும் உருவிக்கொண்ட வளையம்போல. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"கொண்டு போயிரு தாயி. பக்கத்துல இருந்தா கை கேக்காது."

வாங்கிக்கொண்டேன். ஆறாவது கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தூள் வாசமே இல்ல" என்றார் அவர். "சொன்னேன்ல?"

அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் கவலைப்படத் தெரியாதவர்கள். நான் டம்ளரைக் குனிந்து பார்த்தேன். விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை குறைந்திருந்தது. நான் ஊற்றியதே அவ்வளவா? அல்லது நான் லாட்ஜ்காரரிடம் போராடிக்கொண்டிருந்தபோது ஒரு வாய் உள்ளே போய்விட்டதா?

"குடிச்சீகளாண்ணே?"

"இல்லம்மா."

"ஒரு வாயி?"

"இல்லங்கிறேன்ல."

"நாக்குல நனைச்சாப்பில?"

"நீ என்ன தாயி, எம் பொண்டாட்டியைத் தூக்கிச் சாப்பிட்ருவ போலயே!"

சிஸ்டர் பெண்கள் வார்டிலிருந்து திரும்பி வந்ததும் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். சிஸ்டர் பதறவில்லை. நேராக டீ மாஸ்டரிடம் போய் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஊதுங்க."

"என்னது?"

"ஊதுங்கண்ணே."

"அடப் பாவமே! நான் என்ன பிராந்தியா குடிச்சேன், ரோட்டுல மறிச்ச போலீஸ் மாதிரி ஊதச் சொல்றீக?"

ஊதினார். சிஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்றார். இந்தச் சத்தத்தில் மனைவி விழித்துவிட்டார். முந்தானையை இழுத்துப் பார்த்தார். வெறும் வளையம் வந்தது. நான் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து விளக்கைப் போட்டு, புருஷனின் தாடையைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"குடிக்கல" என்றார்.

"எப்படிம்மா சொல்றீங்க?" சிஸ்டர் கேட்டார்.

"காலைல டீ உள்ள போயிருந்தா இந்நேரம் கக்கூசுக்கு ஓடியிருப்பாரு. தெனமும் அப்பிடித்தான். இந்தா பாருங்க, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு. இது டீ குடிச்ச மூஞ்சியே இல்ல."

டீ மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வாத்தியாரின் மருமகன் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சிஸ்டருக்கு அது போதவில்லை. எனக்குப் போதவே இல்லை. இன்னொரு வழி தோன்றியது. பதற்றத்தில் இரண்டு டம்ளரையும் நான் கொட்டாமல் வைத்திருந்தேன். பிளாஸ்க்கிலிருந்து ஊற்றும்போது என் கை எப்போதும் ஒரே அளவில் நின்றுவிடும். மில்லில் பழகிய கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேஜைமேல் வைத்தோம். சிஸ்டர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டிலும் டீ ஒரே மட்டத்தில் நின்றது. லாட்ஜ்காரர் உதட்டில்கூட வைக்கவில்லை என்று பழனி முருகன்மேல் சத்தியம் பண்ணினார். அவர் தம்பியும் கூடவே பண்ணினார், தூங்கிக்கொண்டிருந்தவர் என்ன கண்டாரோ.

"ஆனாலும் டாக்டர்கிட்ட நடந்ததை அப்படியே சொல்லிருவோம்க்கா" என்றார் சிஸ்டர். நானும் அதைத்தான் விரும்பினேன். மறைத்து வைத்த கவலைக்கு என்னிடம் இடம் கிடையாது.

அதற்கப்புறம் விடியும்வரை நான் வேறெங்கும் உட்காரவில்லை. அவர் கட்டிலுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நான் என்ன நினைப்பேனோ என்று அடக்கிக்கொண்டிருந்தாரோ என்னவோ, அந்தச் சந்தேகமும் எனக்கு வந்தது. சர்ச் மணி அடித்தபோது வாத்தியார் ஜெபமாலையை எடுத்தார். நானும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

காலையில் ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளினேன். தியேட்டர் வாசலில் அதே மயக்க மருந்து டாக்டர். பக்கத்தில் மதுரை டாக்டர், கையைக் கட்டிக்கொண்டு.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலைங்கய்யா."

"டீ?"

"டீயும் குடிக்கலைங்கய்யா" என்றவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மோந்து பாத்தேன்" என்றார்.

சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். டம்ளர், பஸ் ஹாரன், மட்டம் பார்த்தது, ஒன்றுவிடாமல். மயக்க மருந்து டாக்டர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். மதுரை டாக்டர் முகம் கடுமையாகவே இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

"கவுந்த டம்ளரை எல்லாம் நிமித்தி வச்சீங்களாக்கும்?" என்றார் மதுரை டாக்டர்.

"ஆமாங்கய்யா. பழக்க தோசம்."

"மோந்து பாத்ததுக்கெல்லாம் ஆபரேஷனைத் தள்ளி வைக்க முடியாது. உள்ள கொண்டாங்க."

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் அந்த அம்மா முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். என் வேலை நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் போன் பண்ணி, "யம்மா, குழாய்ல தண்ணி வந்துருச்சு, எல்லாக் கொடத்தையும் நெறச்சிட்டேன், நீ பதறாத" என்றாள். சரி என்று மட்டும் சொன்னேன். பகலில் என்னென்ன கவலைப்பட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கதவு திறந்து, நல்லபடியாக முடிந்தது என்று சிஸ்டர் சொன்னபோது அந்த அம்மா அழவில்லை. "இனிமே கேன் தூக்கட்டும், காலை ஒடைக்கிறேன்" என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது.

கிளம்பும்போது சிஸ்டரிடம், என் அடையாளம்தான் தப்பாகிவிட்டது என்றேன். "உங்க அடையாளத்துல தப்பில்லக்கா. டீ மாஸ்டரைக் கொண்டாந்து அந்த வார்டுல போட்டதுதான் தப்பு" என்றார். ஆனாலும் நான் முறையை மாற்றிவிட்டேன். இப்போது ஆபரேஷன்காரரின் டம்ளரை வார்டிலேயே விடுவதில்லை. துணியில் சுற்றி சிஸ்டர் அறைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். இல்லாத டம்ளரை யார் நிமிர்த்துவார்கள்? சும்மா கிடக்கும் அலமாரியைக் கை தடவியதும் தானாக விலகிவிடுகிறது.

அன்றைய டீக்காசு மறுநாள்தான் வசூலானது. விவசாயி கொடுத்தார், மில்காரர் கொடுத்தார், வாத்தியாரின் மருமகன் கொடுத்தார். லாட்ஜ்காரருக்கும் அன்றைக்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. லாட்ஜ்காரரின் தம்பி, குடிக்காத டீக்கும் காசைக் கையில் வைத்து, "நீங்க வாங்குனதுக்குக் குடுக்கோணுமில்லீங்க" என்றார். டீ மாஸ்டரும் கட்டிலில் படுத்தபடியே கொடுக்கச் சொன்னார். அவர் மனைவிதான் மறித்துவிட்டார்.

"குடிக்காத டீக்குக் காசா? நல்லாருக்கே நியாயம்! அந்தத் தண்ணிக்கு அவன்தான் நமக்குக் குடுக்கணும்."

இப்போதும் நான் வேலைக்குப் போகிற வழியில் சில நாள் அந்தக் கடையில் நிற்பேன். அவர் என்னைப் பார்த்ததும் புதுத்தூள் போட்டு ஆற்றுவார். கல்லாவில் இருக்கும் அம்மா சிரித்துக்கொண்டே காசைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வார். நானும் மறக்காமல் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் எனக்குத் தரவேண்டியது மட்டும் அப்படியே நிற்கிறது, பத்து ரூபாய்.